மழை வருமா என்று கேட்டார்கள்

1

நான் இருக்கும் ஊரில் சனிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்குச் சைரன் ஊதும். ஓக்லஹோமா மாநிலத்தின் நடுவில், கோதுமை வயல்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே இருக்கிற நடுத்தர ஊர். சுழற்காற்று வரும்போது ஊத வேண்டிய சைரன் பழுதில்லாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிப்பார்கள். அன்றைக்கு வானம் கலங்கியிருந்தால் சோதனை கிடையாது. எது சோதனை, எது நிஜம் என்று கேட்கிறவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வந்த புதிதில் அதைப் படித்தபோது, இப்படியும் நாணயமான ஊர் இருக்கிறதே என்று டைரியில் எழுதி வைத்தேன்.

வந்து ஏழு ஆண்டு ஆகிறது. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் இருந்தேன். முதலில் காஞ்சிபுரம் நிருபர், பிறகு சென்னையில் செய்தி மேசை. என் மனைவி சுமதிக்கு இங்கே மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நான் கூட வந்தவன். மூன்று ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, வேலை செய்ய அனுமதி வந்தபின், பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் அலுவலகத்தில் சேர்ந்தேன். எந்தப் பேருந்து எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது வேலை. வானிலையைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி.

அதற்காக ஒரு வகுப்புக்கும் போனேன். தன்னார்வலர்களுக்கு மேகங்களைப் பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பு. உச்சியில் கொல்லன் பட்டறைக்கல் மாதிரித் தட்டையாக விரியும் மேகம், மழைக்கு முன்னால் அலமாரித் தட்டு போல நீண்டு வரும் மேகம், பசுவின் மடிபோலத் தொங்குகிற மேகம். பச்சையாக வானம் மாறினால் ஆலங்கட்டியை எதிர்பார்க்கலாம். சான்றிதழ் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது. அல்லது இருந்தது.

2

என் அண்ணன் ஏகாம்பரம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார். பட்டு நெசவு. வாரத்தில் மூன்று நாளாவது அந்தத் தெருவில் யாராவது ஒருவர் பாவு போடுவார்கள். தெரியாதவர்களுக்கு: நெசவுக்கு முன்னால் நீளவாக்கில் ஓடவேண்டிய பட்டு இழைகளை மொத்தமாகத் தெருவில் நீட்டி, மூங்கில் கால்களின் மேல் தாங்க வைத்து, இருமுனையும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவிக் காயவைப்பது. விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். ஐந்தாறு பேர் வேண்டும். கஞ்சி ஏறிய பட்டு மழையில் நனைந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும், பட்டும் போய்விடும்.

அங்கே விடிகாலை ஐந்தரை என்றால் இங்கே முந்தின நாள் மாலை ஏழு. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அந்த நேரத்தில் அண்ணனோடு பேசிக்கொண்டே சென்னை ரேடார் படத்தைப் பார்த்தேன். வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு சிவப்புத் திட்டு, ஊருக்கு மேற்கே இருக்கும் தாமல் ஏரியை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாவைச் சுருட்டச் சொன்னேன். சுருட்டி உள்ளே எடுத்துவைத்த இருபதாவது நிமிடம் கொட்டியிருக்கிறது. அன்று முதல் தெருவில் எனக்கு ரேடாரு என்று பெயர்.

அதன்பின் பாவு நாளெல்லாம் ஏழு மணிக்கு ஃபோன் வரும். காணொளியில் அண்ணன் முகம், பின்னால் விடியாத தெரு.

"சேகரு, மழ வருமாபா?"

"ஒன்பது வரைக்கும் வராது. போடுங்க."

யாராவது பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். "ரேடாரு என்னா சொல்லுது? அங்க உக்காந்துக்கினு நம்ம தெருவப் பாக்குதே, அதும் ஊட்டுக்கு எதுர மழ பேஞ்சா அதுக்குத் தெரியுமா?"

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ரேடாரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

3

நாளிதழ் மேசையில் எனக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, இடி தாக்கி யாரும் சாகக்கூடாது என்பது. நிருபர்கள் இடி விழுந்து இருவர் பலி என்று எழுதி அனுப்புவார்கள். நான் மின்னல் தாக்கி என்று திருத்துவேன். இடி என்பது சத்தம். சத்தம் மேலிருந்து விழாது. அறிக்கையாக அச்சடித்து மேசையில் ஒட்டியிருந்தேன்.

இங்கே வந்து நானே அதில் மாட்டினேன். பள்ளி மைதானத்து மரம் ஒன்று பிளந்ததைப் பார்த்துவிட்டு, வகுப்பில் சொல்லித்தந்தபடி வானிலை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். அவசரத்தில் மூளை தமிழில் யோசித்தது, வாய் ஆங்கிலத்தில் பேசியது. மரத்தின் மேல் இடி விழுந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையாகக் கேட்டார்: "ஐயா, இடி என்ன செய்தது?" அதை அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தோம். ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள், மேலே இடி விழாமல்.

போன ஆண்டு செப்டம்பரில் என் பழைய நாளிதழை இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. காஞ்சிபுரம் அருகே தென்னை மரத்தில் இடி விழுந்தது. பக்கத்தில் நின்றிருந்த மூவர் காயமடைந்தனர். பெயர் இல்லை, தெரு இல்லை. இப்போது அங்கே நிருபராக இருக்கும் தயாளன் நான் பழக்கிய ஆள். அவனுக்கு உடனே செய்தி அனுப்பினேன். "இடி விழாது தயாளா. மின்னல். இன்னும் எத்தனை வருஷம் சொல்றது?"

வழக்கமாக அவன் திருப்பி ஏதாவது கிண்டல் செய்வான். அன்று "சரி சார்" என்று மட்டும் வந்தது.

4

இந்த மாதம் முதல் சனிக்கிழமை. பகலில் சைரன் சோதனை வழக்கம்போல் நடந்தது. மாலை நாலு மணிக்கு என் மகள் யாழினிக்குக் கால்பந்துப் போட்டி. பதினான்கு வயது, கோல்காப்பாளர். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நடுவர் நீளமாக ஊதினார். மேற்கே தூரத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டிருக்கிறது. எல்லோரும் காருக்குள் போகவேண்டும். கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் மைதானத்துக்குத் திரும்பலாம். நடுவில் இன்னொரு முறை இடித்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

மைதானத்தில் நல்ல வெயில். ஒரு துளி மழை இல்லை. பக்கத்துக் காரிலிருந்து ஓர் அம்மாள் கண்ணாடியை இறக்கி, இந்த வெயிலில் எதற்கு நிறுத்தினார்கள் என்று எங்களிடம் முறையிட்டார். எனக்குப் பேச வாய்ப்பு வந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மகளிடம் தொடங்கினேன்.

"மேற்கே பாரு. உச்சி தட்டையா விரிஞ்சிருக்குல்ல, அதோட நுனி நம்ம தலைக்கு மேல வந்துடுச்சு. மழை அங்க பெய்யும். மின்னல் மேகத்தோட மேல் பாகத்துலேருந்து பக்கவாட்டுல வந்து, வெயில் அடிக்கற இடத்துல இறங்கும். பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் தள்ளிக்கூட. இதெல்லாம் ஊர்ல யாருக்கும் தெரியாது. பெரியப்பாகிட்ட சொன்னா சிரிப்பாரு."

அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியப்பாவுக்குத் தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"வெயில்லயும் விழும்னு. அவர் மேலயே..."

நிறுத்திக்கொண்டாள். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். நான் பதினாறு ஆண்டு வாக்குமூலம் வாங்கியவன். வாக்கியம் நடுவில் நின்றால் அது எங்கே போகவிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"எப்போ?" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்."

"எப்போ, எங்கே, யாருக்கெல்லாம் அடிபட்டுது?"

வெளியே இடித்தது. ஒலிபெருக்கியில் மறுபடி முப்பது நிமிடம் என்று அறிவித்தார்கள். அவளால் காரை விட்டு இறங்க முடியாது. நானும் எங்கும் போக முடியாது. அந்த மாலை கடிகாரம் மூன்று முறை முதலிலிருந்து ஓடியது. அதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன்.

போன செப்டம்பரில் ஒரு பாவு நாள். காலை மணி ஏழு. அண்ணன் தெருக்கோடியில், பாவுக் கயிற்றைக் கட்டும் இரும்பு முளை இருக்கும் முனையில், ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எட்டடி தள்ளித் தென்னை மரம். இறங்கியது மரத்தில். அண்ணனும் இன்னும் இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். மற்ற இருவரும் அன்றே எழுந்து நடமாடினார்கள். அண்ணன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த நாட்களில் ஃபோன் வராததை, பாவு இல்லை போலும் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இடது காதுச் சவ்வு கிழிந்து, உள்ளேயும் கெட்டு, கேட்கும் சக்தி போய்விட்டது. இடது உள்ளங்கையில் கயிறு பிடித்த இடத்தில் தழும்பு.

"உனக்கு யார் சொன்னது?"

"தேவி அக்கா. அன்னிக்கே." தேவி அண்ணன் மகள். கல்லூரியில் படிக்கிறாள். "அப்புறம் பெரியப்பாவே பேசினாரு. நான் ப்ராமிஸ் பண்ணேன். அப்பாகிட்ட சொன்னா, தன்னாலதான்னு நெனச்சிக்கினே இருப்பாரு, சொல்லாதன்னாரு."

நெனச்சிக்கினே. என் மகள் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். தமிழ் பேசினாலும் அது சுமதியின் திருச்சித் தமிழ். ஓராண்டாக அவள் வாயில் அந்தக் கினு வந்துகொண்டிருந்தது. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள் வாரம் தவறாமல் பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

5

சுமதிக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து நான் காலணியைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போயிருப்பேன்."

"எப்படிப் போயிருப்பீங்க? அந்தக் கடுதாசி வந்திருந்ததா?"

எங்கள் நிரந்தர வசிப்புக்கான விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. வெளியே போய்த் திரும்பத் தனியாக ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும். அதுவும் நிலுவையில் இருந்தது. கடிதம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். குறிப்புத்தாளில் இருக்கும் சொல் அதுதான். விண்ணப்பத்தை யார் கைவிட்டார்கள் என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகம் கிடையாது.

"கிளம்பியிருப்பீங்க," என்றாள் சுமதி. "அதனாலதான் சொல்லல. உங்க அண்ணனும் அதையேதான் சொன்னாரு."

"கடுதாசி பிப்ரவரியில வந்துடுச்சு."

சாப்பாட்டை எடுத்து வைத்தாள். பிப்ரவரிக்குப் பிறகு ஏன் சொல்லவில்லை என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. ஒரு பொய்யை ஐந்து மாதம் வைத்திருந்தால் அதற்குப் பிறகு அது வீட்டுச் சாமான் போல ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். அதைச் சுற்றி நடக்கப் பழகிவிடுகிறார்கள்.

6

மணி ஏழு ஆனது. ஃபோன் வந்தது. காணொளியில் அண்ணனின் முகம், வலப் பக்கம்.

ஓராண்டாக அவர் எனக்கு வலப் பக்கத்தைத்தான் காட்டியிருக்கிறார். கேட்குதா, கேட்குதா என்று இரண்டு முறை கேட்பார். நான் டவர் சரியில்லை என்பேன். அவரும் ஆமாம்பா, டவரே இல்ல என்பார். எதையும் பார்த்தவுடன் குறித்துக்கொள்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு.

"சேகரு, மழ வருமாபா?"

"எந்தக் காதுண்ணா?"

"எது?"

"கேக்காத காது."

அவர் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பின்னால் யாரோ மூங்கில் கால்களைத் தரையில் போடும் சத்தம்.

"பாப்பாவா சொல்லுச்சி? அத்தத் திட்டாத, என்னா. சின்னப் பொண்ணு, இத்தினி நாளு வச்சிக்கினு இருந்ததே பெருசு."

"எந்தக் காது?"

"எடது. வலது ஷோக்கா இருக்குது. உங்க அண்ணி பேசறதுக்கு ஒரு காதே ஜாஸ்திபா." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு என்னக் கேட்டுட்டுத்தான பாவு போட்டீங்க?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்?"

"மழ வராது, ஒம்போது வரைக்கும் பயமில்ல, போடுங்கன்ன. மழ வரலியேபா. ஒரு தூத்தல் இல்ல. மேக்கால கறுத்து இருந்துச்சி, அவ்ளோதான். தாமல் பக்கம் லேசா உறுமுச்சி. மழதான் இல்லியேன்னு நாங்க புடிச்சிக்கினு நின்னோம். நீ சொன்னது கரெக்ட்டு சேகரு. பாவு நனையவே இல்ல, தெரியுமா? நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப அந்தப் பாவுதான் தறியில ஏறுச்சி."

ரேடார் மேகத்துக்குள் இருக்கும் நீர்த்துளிகளைத்தான் பார்க்கும். மின்னலைப் பார்க்காது. எனக்கு அது தெரியும். பள்ளிப் பேருந்துகளுக்கு நான் மின்னலைக் காட்டும் இன்னொரு திரையையும் பார்க்கிறேன். பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு திரையை மட்டும் பார்த்தேன். அவர்கள் மழையைத்தான் கேட்டார்கள். நான் மழையைத்தான் சொன்னேன்.

"சரி," என்றேன். "அதுக்கப்புறமும் ஏன் என்னக் கேட்டுக்கினே இருந்தீங்க?"

"கேக்கலன்னா உனக்கு சந்தேகம் வந்துடுமே."

"நான் சொன்னத வச்சி ஒரு நாளாவது பாவு போட்டீங்களா?"

கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கேட்டிருந்தது.

"இல்லபா."

"அப்ப எப்படி முடிவு பண்றீங்க?"

"பாப்பா சொல்லிக் குடுத்துச்சி. அதோட பந்தாட்டத்துல ரூலு இருக்குதாமே. எங்கியாவது உறுமல் கேட்டா அப்படியே போட்டுட்டு ஊட்டுக்குள்ள. மரத்தடியில நிக்கக்கூடாது, கொட்டாயில நிக்கக்கூடாது. கடசி உறுமல்லேந்து அர மணி. பாவு நனஞ்சா நனயட்டும். இப்ப தெருவே அதத்தான் செய்யுது. எனக்குத் தூரத்து உறுமல் காதுல விழாது, பக்கத்துல நிக்கறவன் தோள்ல தட்டுவான்."

"நல்ல ரூல்," என்றேன்.

"கோவமாபா?"

"மழை வராதுண்ணா. பத்து மணி வரைக்கும்." வைத்துவிட்டேன்.

தமிழில் கேட்பது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலை பார்க்கிறோம். வினா கேட்கிறோம். ஒலியைக் கேட்கிறோம். ஒருவர் சொன்னபடி நடந்தால் அவர் பேச்சைக் கேட்டோம் என்கிறோம். மேசையில் இருந்த காலத்தில் இந்தச் சொல்லால் வரும் குழப்பங்களை எவ்வளவோ திருத்தியிருக்கிறேன். ஓராண்டாக அவர்கள் தவறாமல் என்னைக் கேட்டார்கள். யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. நூறு முறைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் நான் ரேடாரைத் திறந்து, திட்டுகளின் வேகத்தைக் கணக்கிட்டு, பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நன்றிபா என்று சொல்லி வைத்துவிட்டு, என் மகள் சொன்னபடி செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சைரனை நினைத்துக்கொண்டேன். அதிலாவது சோதனை என்பதை முன்கூட்டிச் சொல்கிறார்கள்.

7

மறுநாள் தயாளனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"தெரிஞ்சிடுச்சா சார்?"

"நாலு வரி எழுதினியே."

"உங்க அண்ணிதான் ஃபோன் பண்ணி அழுதாங்க. பேரு வேணாம்னாங்க. தெருப் பேரையும் எடுத்தேன். பாவுன்னு போட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு அதையும் எடுத்தேன். இடியை மட்டும் அப்படியே விட்டுட்டேன். நீங்க அதப் புடிச்சிக்கினீங்க."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. ஆனால் என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, அந்தச் செய்தியைப் படித்து நான் செய்த ஒரே காரியம் அதில் ஒரு சொல்லைத் திருத்தியதுதான்.

அதுவும் தப்பான திருத்தம். அண்ணனின் ஆஸ்பத்திரிக் குறிப்பைத் தேவி அனுப்பியிருக்கிறாள். மின்னல் மரத்தோடு போய்விட்டது. அதிலிருந்து கொஞ்சம் தரை வழியாகவும் கயிற்று வழியாகவும் வந்து கையைச் சுட்டது. காதைக் கிழித்தது மின்னல் அல்ல. அவ்வளவு கிட்டத்தில் காற்று வெடித்த அதிர்ச்சி, அதாவது இடி. இடி விழுந்து காயம் என்று தயாளன் எழுதியது, என் அண்ணனைப் பொறுத்தவரை, ஓர் எழுத்துகூட மாற்றத் தேவையில்லாத செய்தி.

இதைப் படிக்கிறவர்களில் தெருவிலோ வயலிலோ மைதானத்திலோ நிற்கவேண்டியவர்கள் இருப்பீர்கள். மழை வருகிறதா என்று பார்க்காதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் நீங்கள் மின்னலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும். நான்கு பக்கச் சுவர் உள்ள வீடு, இல்லையென்றால் கதவு மூடிய கார். மரத்தடி, கொட்டகை, பேருந்து நிழற்குடை ஆகாது. ஈரக் கயிற்றையும் இரும்பையும் விட்டுவிடுங்கள். அரை மணி. இதை நான் என் அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

8

அதன்பின் நான்கு நாள் ஃபோன் வரவில்லை. ஏழு மணிக்கு நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். பாவு இல்லையோ, அல்லது இனிமேல் நடிக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்களோ. சான்றிதழைக் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஏழு மணிக்குக் குரல் செய்தி வந்தது. காணொளி இல்லை.

"சேகரு. இடி வருமாபா?"

இரண்டு முறை போட்டுக் கேட்டேன். மூன்று வருஷ வழக்கத்தில், அதற்குப் பிறகான ஒரு வருஷ நடிப்பில், அவர் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. நிஜமாகக் கேட்கிறாரா, என்னைச் சமாதானம் செய்யக் கேட்கிறாரா என்று குரலில் தேடினேன். தெரியவில்லை. முன்பெல்லாம் அதைத் தேட வேண்டியிருந்ததில்லை.

ரேடாரைத் திறந்தேன். அலுவலகத்தில் பயன்படுத்தும் மின்னல் திரையையும் திறந்தேன். தாமலுக்கு மேற்கே ஒரு திட்டு. மழை ஊருக்கு வடக்கே ஒதுங்கிப் போய்விடும் போலிருந்தது. மின்னல் புள்ளிகள் மழைக்கு முன்னால், வெறும் வானத்தில், ஊரைத் தாண்டி ஓரிக்கை வரைக்கும் சிதறிக் கிடந்தன.

"வரும். உள்ளே போங்க," என்று எழுதினேன்.

ஆறு நிமிடம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. வெளிறிய வெளிச்சத்தில் தெரு. அதன் பாதி நீளத்துக்கு அரக்கு நிறப் பாவு, மூங்கில் கால்களின் மேல், அப்படியே. ஆள் ஒருவரும் இல்லை. கோடியில் தலையில்லாத தென்னை. கீழே, "போட்டுட்டு உள்ள வந்துட்டோம்பா."

நான் படத்தைப் பெரிதாக்கினேன். வானத்தின் நிறத்தைப் பார்த்தேன். தரை ஈரமா என்று பார்த்தேன். தேதி இல்லாத படத்தை எங்கள் மேசையில் ஏற்றுக்கொள்வதில்லை. போன வாரம் எடுத்ததாக இருக்கலாம். இப்போது எடுத்துவிட்டு அவர்கள் மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். என் அண்ணன் அனுப்பிய படத்தை, ஊராட்சித் தலைவர் அனுப்பிய படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். தேவியின் சிரிப்பும் கேட்டது. காணொளியாக இருக்கும். ஏதாவது கேட்கலாம் என்று கதவருகே போனேன்.

எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஓக்லஹோமா வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு மேகம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம், என் மகளின் ஃபோனுக்குள், இடி இடித்தது. நீளமாக, உருண்டு உருண்டு. அண்ணனின் குரல் கேட்டது.

"இடிச்சிதா? எனக்குக் கேக்கல."

"இடிச்சுது பெரியப்பா," என்றாள் யாழினி. "எல்லாரும் உள்ளதான இருக்கீங்க? அப்படியே உக்காந்துக்கினு இருங்க."

படம் இன்றையதுதான்.

நான் கதவைத் தட்டவில்லை. கையில் இருந்த ஃபோனில் மணி பார்த்தேன். ஏழு பன்னிரண்டு. அங்கிருந்து முப்பது நிமிடம் எண்ணத் தொடங்கினேன்.